என் மகளை இடம் மாற்றி உட்காரவைத்தது குறித்து

சனிக்கிழமை நடந்த பெற்றோர் கூட்டத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நேற்றிரவு வரை “உங்கள் மகளின் நல்லதுக்குத்தானே” என்று எனக்கு ஆறுதல் சொல்பவர்களைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. கணக்கில் தேறாத தோழிக்குச் சொல்லிக்கொடுத்தால் என் மகளின் மதிப்பெண் குறைந்துவிடும் என்று இருவரையும் பிரித்து உட்காரவைத்திருக்கிறார்கள். அதில் என் மகளுக்கு எந்த நன்மையும் இல்லை.

அந்தப் பெண்ணின் வீட்டு நிலை எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு டயாலிசிஸ், அம்மா பாதி நாள் மருத்துவமனையில், தம்பிக்குச் சோறு கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் இவள் பள்ளிக்கு வருகிறாள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 35 எடுக்க முடியவில்லை. வடிவியலும் வரைபடமும் சேர்ந்தால் 16 மதிப்பெண், முதலில் அதை உறுதிசெய்வோம் என்று என் மகள் மதிய இடைவேளையில் கவராயத்தோடு அவளருகே உட்கார்ந்தாள். வடிவொத்த முக்கோணம் வரையும்போது இணைகோட்டை ஏன் அந்தப் புள்ளியிலிருந்து இழுக்க வேண்டும் என்று தோழி கேட்டிருக்கிறாள். பதில் தெரியாமல் வீட்டுக்கு வந்தவள், முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையான கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்று அதுவரை மனப்பாடமாக வைத்திருந்த தேல்ஸ் தேற்றத்தை அன்றுதான் புரிந்து படித்தாள். இதில் என் மகள் இழந்தது என்ன?

“முதல் மாணவியின் தாய்க்குப் பேசுவது எளிது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் முதல் மாணவியாக இருந்தவள் அல்ல. பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் எனக்கு இருப்புநிலைக் குறிப்பின் (பேலன்ஸ் ஷீட்) இரு பக்கங்களும் சமமாக வந்ததே இல்லை. ஊர்ப் பேருந்து வரும்வரை நிறுத்தத்தில் நின்றபடியே, ஒவ்வொரு சரிக்கட்டலும் இரண்டு இடத்தில் வர வேண்டும் என்று என் நோட்டில் அம்புக்குறி போட்டுக் காட்டியவள் என் தோழி. அந்த ஆண்டு பள்ளியில் முதலிடம் பெற்றவளும் அவளேதான்.

பின்தங்கியவரைத் தேற்றுவது ஆசிரியரின் வேலை, பிள்ளையின் வேலை அல்ல என்பது சரிதான். ஆனால் மெல்லக் கற்போருக்கான சிறப்பு வகுப்பு மாலையில் நடக்கிறது; அந்த நேரத்தில் அவள் தம்பியைக் கூட்டிவர ஓட வேண்டியிருக்கிறது. என் மகளும் தன் படிப்பைக் கைவிடவில்லை. திருப்புதல் தேர்வுக்கு முந்தைய நாள், “இன்று என் அறிவியலைப் பார்க்க வேண்டும், நாளை வருகிறேன்” என்று அவளே சொன்னாள், தோழியும் வருந்தவில்லை. தங்களுக்குள் ஓர் ஒழுங்கை அவர்களே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இது புதுப் பழக்கமும் அல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகிய உள்ளூர்ப் பிள்ளைகளைப் பார்த்து, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் கொண்டுவந்து, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். அதே மெட்ராஸ் இருக்கும் மாநிலத்தில், சொல்லிக்கொடுத்ததற்காக ஒரு பெண்ணை இடம் மாற்றுகிறோம்.

பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்டத் தரவரிசையை அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. சனிக்கிழமையோ, கணக்கில் தேறாதவர்களின் பெயர்களை அத்தனை பெற்றோர் முன்னிலையில் வாசித்தார்கள். மருத்துவமனையிலிருந்து நேராக வந்திருந்த அந்தத் தாய், மகளின் பெயரைக் கேட்டதும் எழுந்து நிற்க வேண்டுமோ என்று தெரியாமல் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். என் மகளின் எதிர்காலத்துக்காக இத்தனை கவலைப்படும் குழுவில் ஒருவர்கூட அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பட்டியலை எல்லோர் முன்னிலும் வாசிக்கச் சொன்னது யார் என்று தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.