உட்கார்ந்து சாப்பிடுவோம்

பௌர்ணமிக்கு வரும் போயா லீவுக்கு எங்கள் வீட்டில் நண்பர்கள் கூடிச் சமைத்துச் சாப்பிட்ட படங்களைப் போட்டால் போதும், உள்பெட்டிக்கு ஒரு அறிவுரை வந்துவிடும். "இப்பிடி வாய்க்கு ருசியாத் தின்னே காசை அழிச்சிடாதீங்க, நாளைக்குன்னு ஏதாவது சேர்த்து வைங்க." கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, தெரியும். எல்லாம் சொந்தக்காரர்கள், என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். ஆனாலும் இந்தப் பேச்சு எனக்கு ஒத்துப்போகவே இல்லை. அதுவும் இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களில் பிறந்த ஒருவர் இன்னொரு மலையகத்தாரைப் பார்த்து இதைச் சொல்லும்போது மனசு கஷ்டப்படுகிறது. நல்ல சாப்பாட்டை, பிடித்த ஆட்களோடு, அவசரமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடுவது நமக்குத் தேவை. மற்ற எல்லாரையும் விட நமக்குத்தான் அதிகம் தேவை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் எப்படிச் சாப்பிட்டு வளர்ந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் அம்மா கொழுந்தெடுத்த காலத்தில் இருட்டோடு எழும்பி, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, எங்களுக்கு எடுத்து வைத்துவிட்டு, தன் பங்கை ஒரு பையில் சுற்றிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்கு ஓடுவார். அந்த ரொட்டியை மலையிலேயே நின்றபடி ஆறிப்போன தேத்தண்ணியோடு தின்பார். மழை நாளில் கையும் ஈரம், ரொட்டியும் ஈரம். பகலுக்குக் கொழுந்தை எடை போட்டுவிட்டு, எங்கள் வரிசை வீடான லயத்துக்கு ஓடி வருவார். வரும் வழியில், தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இருந்து தம்பியைத் தூக்கிக்கொள்வார். அடுப்படியில் குந்தி நாலு வாய் சோறு, அப்புறம் திரும்ப மலை. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து கேட்கிறார்கள். அந்தக் கணக்குக்குள் சாப்பாட்டுக்கு என்று நேரம் எங்கே இருக்கிறது? சாப்பிடுவது உடம்பு ஓடுவதற்காக, அவ்வளவுதான்.

இடமும் இல்லை. லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. அதற்குள் கட்டில், பீரோ, சாமிப்படம், பிள்ளைகளின் புத்தகப் பை, மழை நாளில் காயப்போட்ட துணி. ஆளுக்கொரு மூலையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, வந்தவர் வந்தபடி, பசித்தவர் பசித்தபடி சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போவோம். குடும்பமாக வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவதை நாங்கள் டிவியில்தான் பார்த்தோம்.

சேர்த்து வை, வாயைக் கட்டு என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். 1973, 74 பஞ்ச காலத்தில் தோட்டங்களில் பட்டினியால் சனம் செத்தது. என் அப்பாயி அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர். காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றதையும் பாணுக்கு வரிசையில் நின்றதையும் சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும். சாகும்வரை சோற்றுப் பானையின் அடியை அவர் வீணாக்க விட்டதில்லை. 2022-இல் நாங்களும் கொஞ்சம் பார்த்தோம். கேஸ் இல்லை, பால்மா இல்லை, கோதுமை மா விலை ஏறிய வேகத்தில் ரொட்டியே யோசித்துச் சுட வேண்டியதாகிவிட்டது. ஆகவே அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் பசியோடு கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வயிறு நிறைய, மனசு நிறையச் சாப்பிட்டால் அதில் என்ன தப்பு? அப்பாயி உயிரோடு இருந்தால் எங்கள் வீட்டு ஆட்டுக்கறிக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார்.

தீபாவளிக்கு வருவோம். ஒவ்வொரு வருசமும் யாராவது ஒரு படித்தவர், பெரும்பாலும் நம் தோட்டத்திலேயே பிறந்து டவுனுக்குப் போனவர், "தோட்டத்துச் சனம் அட்வான்ஸ் எடுத்துத் தின்று தீர்க்கிறது" என்று எழுதிவிடுகிறார். தீபாவளி அட்வான்ஸ் தோட்டம் சும்மா கொடுக்கும் காசு கிடையாது. அது நாம் இனிமேல் உழைத்துக் கழிக்கப்போகும் சம்பளம், மாசாமாசம் வெட்டிக்கொள்வார்கள். 2024-இல்தான் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய்க்கு வந்தது. அந்தச் சம்பளத்தில் வருசத்துக்கு ஒரு நாள் பிள்ளைக்குப் புதுச்சட்டை, நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு ஆடு வாங்கிக் கூறு போட்டு ஒரு கறி, முறுக்கு, அதிரசம். இதைக் கேள்வி கேட்கிறவர்கள், வருசம் முழுக்க உழைத்தும் ஒரு நாள் கறிக்கு ஏன் அட்வான்ஸ் தேவைப்படுகிறது என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியை நம்மிடம் கேட்காமல் சம்பளம் கொடுக்கிறவர்களிடம் கேட்கட்டும்.

எனக்குத் தீபாவளியோடு வேறொரு மனக்குறை இருக்கிறது. வருசத்துச் சந்தோசம் எல்லாத்தையும் ஒரே நாளில் அடைத்துவிடுகிறோம். அந்த ஒரு நாளும் வீட்டுப் பெண்களுக்குக் கொண்டாட்டமாக இருப்பதில்லை. முந்தின ராத்திரி முழுக்கப் பலகாரம், விடிந்தால் இட்லி, தோசை, பகலுக்குக் கறி சோறு. ஆண்கள் பந்தி முடிந்து, பிள்ளைகள் பந்தி முடிந்து, வந்த விருந்தாளிகள் கை கழுவிய பிறகு அம்மாவும் அத்தைகளும் உட்காரும்போது சட்டியில் எலும்பும் குழம்பும்தான் மிச்சம். அந்தப் பக்கம் ஆண்கள் போத்தலோடு தனியாக ஒரு இடத்தில். இந்தப் பக்கம் பெண்கள் புகையில். ஒரே வீட்டில் புருசனும் பெண்சாதியும் ஒரே பண்டிகையை ஆளுக்கொரு இடத்தில் கழிக்கிறார்கள்.

கல்யாணம் ஆனதும் நானும் என் வீட்டுக்காரரும் பேசி முடிவெடுத்தது இதுதான்: எங்கள் வீட்டில் சமைக்கிறவர்கள்தான் முதலில் உட்காருவார்கள். சாப்பிட வருகிறவர்கள் எல்லாரும் சமைப்பார்கள். அப்போது ஆரம்பித்ததுதான் இந்தப் போயாக் கூட்டம். போயாவுக்கு இறைச்சிக்கடை பூட்டு, அதனால் முந்தின நாளே போய் வாங்கிவிட வேண்டும். அது அவருடைய வேலை. தொடைக்கறியும் நெஞ்செலும்பும் கலந்து, கொஞ்சம் கொழுப்போடு வாங்கி வருவார். கறியை வெளியில் கல் அடுப்பில் வைப்போம். கவ்வாத்து வெட்டின, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்த மலையில் இருந்து வந்த காய்ந்த மிலாறுக் குச்சிதான் விறகு. தேயிலை மிலாறு நின்று எரியும், சூடு ஒரே சீராக இருக்கும். கேஸ் அடுப்பில் வைத்த ஆட்டுக்கறிக்கு அந்த ருசி வராது, இதில் என்னோடு வாதாடாதீர்கள். வெங்காயம், இஞ்சி, பூண்டு, ரம்பை, கறிவேப்பிலை வதங்கி, வறுத்து அரைத்த தூள் போட்டு, இறைச்சி தன் தண்ணியிலேயே வேகும் வரை மூடி வைத்துவிட்டு நாங்கள் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவோம். அந்த ஒரு மணித்தியாலம் சாப்பாட்டை விட ருசி.

கட்டச் சம்பல் அவருடைய கை. செத்தல் மிளகாயை உப்போடு அம்மியில் வைத்து முதலில் தனியாக நசுக்குவார். விதை எல்லாம் மசிந்த பிறகு மாசிக் கருவாடு, கடைசியில்தான் சின்ன வெங்காயம். வெங்காயத்தை முதலிலேயே போட்டால் தண்ணி விட்டுச் சம்பல் கூழாகிவிடும். வெங்காயம் பாதி நசுங்கி, பாதி நறுக்கென்று இருக்க வேண்டும். தேசிக்காயை அம்மியிலேயே பிழிந்து, கையால் வழித்து எடுப்பார். தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டுத் தடிப்பாகச் சுட்ட ரொட்டியைப் பிய்த்து, அம்மியில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைத் துடைத்துத் தின்ன எங்கள் கூட்டாளிகள் சண்டையே போடுவார்கள். அம்மியில் ஆம்பிளை குந்தியிருப்பதைப் பார்த்து ஆரம்பத்தில் பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். இப்போது அந்த வீட்டுக்காரரும் வந்து செய்முறை கேட்டுப் போயிருக்கிறார்.

லீக்ஸ் என் பொறுப்பு. நுவரெலியா பக்கத்து லீக்ஸ் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் விளைகிறது, ஆனாலும் அதைக் குழைய வேகவைத்துக் கெடுக்கிறோம். மடலுக்கு மடல் மண் இருக்கும், நெடுக்காகக் கீறி ஓடுகிற தண்ணியில் அலச வேண்டும். பச்சை நுனியையும் வீசாமல் மெல்லிசாக அரிந்து, பொரித்த நெத்தலியோடும் மிளகாய்த் தூளோடும் நெருப்பைக் கூட்டி வைத்து நாலு பிரட்டுப் பிரட்டினால் போதும். நிறம் மாறுவதற்கு முன் இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். ஆட்டுக்கறி இருக்கும் பந்தியிலும் முதலில் காலியாவது இந்தச் சட்டிதான்.

வருகிற நண்பர்களில் எல்லாரும் தமிழர்கள் இல்லை. என்னோடு வேலை செய்யும் சிங்களத் தோழி சித்திரை வருசத்துக்குக் கொக்கிஸ், கெவும் பலகாரங்கள் கொண்டு வருவாள். ஹட்டனில் கடை வைத்திருக்கும் எங்கள் முஸ்லிம் நண்பரின் மனைவி நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ஒரு பெரிய பாத்திரம் வட்டலப்பம் அனுப்புவார், கித்துள் கருப்பட்டி போட்டு, ஏலக்காய் மணக்க. அவர்கள் வரும் நாளில் இறைச்சி அவர்கள் கடையில் இருந்து வரும், ஹலால் பற்றி யாரும் தயங்க வேண்டியதில்லை. எத்தனையோ ஒற்றுமைக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன், மேடையில் பேசுவார்கள், பார்சல் சோறு கொடுப்பார்கள், ஆளுக்கொரு பக்கம் கலைந்து போவோம். ஒரே சட்டியைக் கிண்டின ஆட்களுக்குள் வருகிற நெருக்கம் அதில் வரவே வராது.

என் அம்மாவும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு நான் சின்ன வயதில் பார்த்ததே இல்லை. பாசம் இல்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் அம்மா பேர் போட்டுக்கொள்ளாமல், அந்த நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வீட்டில் நிற்பார், அவ்வளவு பாசம். ஆனால் சேர்ந்து உட்கார நேரமோ இடமோ அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு அவர்கள் வந்த அன்று இருவரையும் பாயில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து இலை போட்டோம். அம்மா எழும்பி எழும்பிப் பரிமாறப் பார்த்தார். அப்பாதான் கையைப் பிடித்து, "இரு புள்ள, அவங்க போடுவாங்க" என்றார். பிறகு நல்ல எலும்பு ஒன்றை எடுத்து அம்மாவின் இலையில் வைத்தார். அம்மா அதை மறுக்காமல் சாப்பிட்டார். இதற்குச் செலவான காசை யாராவது வீண் என்று சொன்னால், அவர்களோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

சரி, மண்டபம் பிடித்து, கேட்டரிங் சொல்லி, மேடையில் நின்று படம் எடுத்து நடக்கும் கொண்டாட்டங்களையும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கும் சடங்குக்கும் நுண்கடன் எடுத்துவிட்டு, வாராவாரம் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்க ஒளிந்துகொள்ளும் பெண்களை எனக்குத் தெரியும். அது ஊருக்குக் காட்டுவதற்காகச் செய்வது. வந்தவர்கள் சாப்பாட்டைக் குறை சொல்லிவிட்டுப் போவார்கள், கடன் மட்டும் நிற்கும். நான் சொல்வது ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒருவர் தேங்காய், ஒருவர் அரிசி, ஒருவர் விறகு என்று பங்கு போட்டுச் செய்வது. கறி வாங்க முடியாத மாசத்தில் கருவாட்டுக் குழம்பும் பருப்பும் வைத்திருக்கிறோம், ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

சாப்பாடு முடிந்ததும் தேத்தண்ணி. இதில் மட்டும் நான் கறாராக இருப்பேன், நல்ல தூள்தான் வேண்டும். 1883-இல் இருந்து கொழும்பில் ஏலம் போட்டு உலகம் முழுக்க அனுப்புகிறார்கள், கொழுந்து கிள்ளினவர் வீட்டில் மட்டும் தூசித்தூள். எங்கள் திம்புள்ளப் பக்கம் ஜனவரியில் இருந்து மார்ச் வரைக்கும், காற்று காய்ந்து ராத்திரி குளிரும் நாட்களில் வரும் தேயிலைக்குத் தனி மணம். ஊவாப் பக்கம் ஜூலையில் இருந்து செப்டெம்பர். அந்த மாசத்துத் தேயிலையில் நல்ல ரகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறேன். பால்மா போடாமல், நன்றாகக் கொதித்த தண்ணி ஊற்றி, மூடி வைத்து, சாயம் இறங்கியதும் ஒரு துண்டுக் கருப்பட்டியோடு குடித்துப் பாருங்கள். நம் கை பட்டு வந்த பொருளின் நல்ல பங்கு நம் வாய்க்கும் வரட்டும்.

கடைசியாக, தோட்ட வீடமைப்புக் கூட்டங்களுக்குப் போகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனிக் காணியில் கட்டிக் கொடுக்கும் வீடுகளைப் பற்றிப் பேசும்போது கூரை, கழிவறை, தண்ணி எல்லாம் கேட்கிறீர்கள், நல்லது. கூடவே இதையும் கேளுங்கள்: அந்த வீட்டில் பத்துப் பேர் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறதா? அடுப்படியில் இரண்டு பேர் நின்று சமைக்க முடியுமா? வரைபடத்தை வாங்கி அளந்து பாருங்கள். இல்லை என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சொல்லுங்கள், சுவர் எழும்பிய பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள்.