குடை பிடித்தது அம்மாவின் தப்புதான், மன்னிக்கவும்

ஞாயிற்றுக்கிழமை போட்ட அந்தப் படத்தைப் பற்றித்தான். பார்க்காதவர்கள் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்துவிட்டு வாருங்கள். எங்கள் ஊர்ப் புதுப் பேருந்து நிலையம், ஸ்டீல் நாற்காலியில் அம்மா, மடியில் மஞ்சள் பை, தலைக்கு மேல் குடை. வெட்டவெளியில் இல்லை, கூரைக்குக் கீழே. ஊர் பெயரை அன்றும் போடவில்லை, இன்றும் போடப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கீழே வந்ததைப் படித்தேன். "ஒரு சொட்டு ஒழுகினதுக்கு இவ்ளோ கூப்பாடா? பழைய பஸ் ஸ்டாண்டுல மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னதெல்லாம் மறந்துபோச்சா?" என்று ஒருவர். "கட்டிடம்னா ஒழுகத்தான் செய்யும், சரி பண்ணிடுவாங்க" என்று ஒருவர். இன்னொருவன், பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்ச், "சென்னைக்குப் போனதுல இருந்து உனக்கு நம்ம ஊர்ல எதுவுமே பிடிக்கிறதில்ல" என்று எழுதி, பல்லைக் காட்டிச் சிரிக்கிற பொம்மை இரண்டு போட்டிருக்கிறான். சரிடா.

நான் சொன்னது ஒரே ஒரு விஷயம். திறந்தாச்சு என்பது வேறு, முடிஞ்சாச்சு என்பது வேறு. இதில் ஊர்ப்பாசம் எங்கே வந்தது, கட்சி எங்கே வந்தது, எனக்கு இன்னும் புரியவில்லை.

அந்த "ஒரு சொட்டு" பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் நான் அங்கே முக்கால் மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவன். நீளமான கான்கிரீட் கூரையை ஒரே தளமாகப் போட மாட்டார்கள். வெயிலில் விரிவதற்கும் குளிரில் சுருங்குவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டு, அதற்குள் நீர் இறங்காதபடி அடைப்பார்கள். எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் என்பார்கள். அடைப்பு சரியில்லை என்றால் கூரையில் விழுகிற மழையெல்லாம் அந்தக் கோடு வழியாகத்தான் இறங்கும். அம்மா உட்கார்ந்திருந்தது அந்தக் கோட்டுக்கு நேர் கீழே. மற்ற நாற்காலிகள் நிறைந்திருந்தன, இது மட்டும் காலியாக இருந்தது. ஏன் காலி என்று உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

பக்கத்துத் தூணில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து ஒரு முழ நீளத்துக்கு இறங்கியிருந்தது. ஒரு மழையில் அப்படிப் பூக்காது. கீழே யாரோ ஒரு பழைய பெயிண்ட் டப்பாவை வைத்திருந்தார்கள். அது நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அதாவது, ஒழுகுகிறது என்பது அங்கே வேலை பார்க்கிற ஒருவருக்காவது முன்பே தெரியும். அவரால் செய்ய முடிந்ததை அவர் செய்துவிட்டார். மீதிப் பேர் என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி. அதைக் கேட்டால் எனக்கு ஊர் பிடிக்கவில்லையாம்.

இந்தக் கதை எங்கள் ஊரோடு நிற்பதில்லை. சென்னைக்குத் தெற்கே கட்டிய கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் அடிக்கல். 393 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 88 ஏக்கர். 2023 டிசம்பர் 30 அன்று திறப்பு. கிட்டத்தட்ட ஐந்து வருஷம். நடுவில் கொரோனா வந்தது, ஒத்துக்கொள்கிறேன், அந்த இரண்டு வருஷத்தை யாரும் கணக்கில் வைக்க வேண்டாம். திறப்புக்கு முன்பே முன்பக்கம் ஜிஎஸ்டி சாலையில் மழைநீர் நின்றது, அப்புறம்தான் வடிகால் வேலை. வண்டலூர், ஊரப்பாக்கம், ஆதனூர் என்று சுற்றிலும் ஏரியும் காடும் இருக்கிற இடம். 2015 வெள்ளத்தில் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் முடிச்சூர் என்ன ஆனது என்று உலகத்துக்கே தெரியும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அங்கே மாடு மேய்க்கிறவருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அதைக்கூட விடுங்கள். சென்னையின் பெரிய வெளியூர்ப் பேருந்து நிலையத்தை கோயம்பேட்டிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி வைக்கிறோம். மின்சார ரயில் தண்டவாளம் சாலைக்கு அந்தப் பக்கமே ஓடுகிறது. பேருந்து நிலையம் திறந்து ஒரு வருஷம் முடிந்த பிறகும் அங்கே ரயில் நிற்க ஒரு நிலையம் வந்திருக்கவில்லை. சாலையைக் கடக்க ஆகாய நடைபாதையும் வந்திருக்கவில்லை. மெட்ரோ விமான நிலையத்தோடு நிற்கிறது. 2024 பிப்ரவரியில் நள்ளிரவில் திருச்சிப் பக்கம் போகப் பேருந்து இல்லாமல் ஜனங்கள் ஜிஎஸ்டி சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஆம்னி பேருந்துகள் எங்கே ஆள் ஏற்றுவது என்று உயர் நீதிமன்றம் வரை போனார்களே? கட்டிடம் அழகாகத்தான் இருக்கிறது. நானே படம் எடுத்துப் போட்டேன். திறந்தாச்சு. முடிஞ்சாச்சா?

நான் இருப்பது பெரம்பூரில். அம்மாவை ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால் சென்ட்ரலுக்கு ஒரு ரயில், சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து வண்டலூருக்கு இன்னொரு ரயில், அப்புறம் ஷேர் ஆட்டோ. முதல் தடவை ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்ததும் அம்மா மெதுவாக, "ஏம்ப்பா, இப்படியே இன்னும் கொஞ்சம் போனா நம்ம ஊரே வந்துடும்போல இருக்கே" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

உடனே ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். "கோயம்பேடு 2002ல் திறந்தபோதும் இப்படித்தான் புலம்பினீர்கள். பாரிமுனையை விட்டு இவ்வளவு தூரமா என்றீர்கள். அப்புறம் பழகிவிட்டது." இது நியாயமான பேச்சு. நானே அன்று புலம்பியவன்தான். கோயம்பேட்டுக்கு மெட்ரோ வந்தது 2015ல், பதின்மூன்று வருஷம் கழித்து. ஆனால் அங்கேயிருந்து நகரத்துக்குள் எங்கே போகவும் ஒரு பேருந்து போதும். அதே கணக்கில் இங்கேயும் பதின்மூன்று வருஷம் காத்திருக்கச் சொல்கிறீர்களா? அம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எந்த ஆட்சியில் என்று சொல்லு" என்கிறவருக்கு: அடிக்கல் ஓர் ஆட்சி, திறப்பு இன்னோர் ஆட்சி. கோவை வெள்ளலூரில் 2020ல் ஆரம்பித்து, 168 கோடி மதிப்பீடு போட்டு, பாதியில் நின்றுபோன பேருந்து நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குள் சமமாகப் பிரித்துக்கொண்டு வந்து என்னைத் திட்டுங்கள்.

பக்கத்து மாநிலம் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. கோழிக்கோட்டில் அரசுப் போக்குவரத்துக் கழக முனையம் 2015ல் திறந்தது. 2021ல் நம்ம சென்னை ஐஐடி ஆய்வு செய்து, கட்டிடத்துக்கு வலு போதாது, பலப்படுத்த வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கை சரியா என்று அப்புறம் ஒரு சண்டை. அடுத்த வருஷம் ஒரு பேருந்து இரண்டு தூண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. பேருந்து நிலையத்தில், பேருந்து. இதற்கு மேல் நான் என்ன எழுத.

அப்புறம் "ஃபாரின்ல இப்படி நடக்குமா" கோஷ்டி. இவர்கள் என் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுகிறவர்கள். நடக்கும் சார். வாஷிங்டனை ஒட்டி மேரிலாந்தில் சில்வர் ஸ்பிரிங் என்று ஓர் இடம், என் சித்தி மகள் அந்தப் பக்கம்தான் இருக்கிறாள். அங்கே பேருந்து, மெட்ரோ எல்லாம் ஒன்று சேருகிற நிலையம் கட்ட 2008ல் ஆரம்பித்தார்கள். கட்டும்போதே கான்கிரீட்டில் விரிசல். அளந்து பார்த்தால் பத்து அங்குலக் கனம் இருக்க வேண்டிய தளம் ஓர் இடத்தில் மெலிசு, ஓர் இடத்தில் தடிப்பு. உள்ளே இருக்க வேண்டிய இரும்பு சில இடங்களில் இல்லவே இல்லை. கடைசியில் திறந்தது 2015 செப்டம்பரில். அங்கேயும் ஏழு வருஷம், அங்கேயும் வடிவமைத்தவர், கட்டியவர், சோதித்தவர் மூன்று பேரும் ஒருவரையொருவர் கை காட்டினார்கள். மனிதர்கள்தானே.

ஆனால் ஒன்று செய்தார்கள். தனியாக ஒரு பொறியாளர் குழுவை வைத்து ஆராய்ந்து, எந்தத் தளத்தில் என்ன குறை என்று அறிக்கையை 2013ல் ஊருக்கே திறந்து வைத்தார்கள். சரிசெய்து முடிக்கும்வரை பேருந்தை உள்ளே விடவில்லை. எங்கள் ஊர்க் கூரை ஏன் ஒழுகுகிறது என்று எனக்கு ஒரு தாள், ஒரே ஒரு தாள், தமிழில் யாராவது கொடுத்தால் போதும். ஓர் அலுவலகத்தில் கேட்டேன். "அது அவங்க செக்‌ஷன்" என்றார்கள். அவங்க செக்‌ஷனில் கேட்டேன். "சார் லீவு."

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், நாங்களும் இதே தப்பைச் செய்த குடும்பம். 1998ல் அப்பா வீடு கட்டினார். தையில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது. மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, வாட்டம் பார்த்து, தட்டோடு பதிக்க வேண்டும். கொத்தனார் தலையால் அடித்துக்கொண்டார்: "ஐயா, இன்னும் இருபது நாள் கொடுங்க, வாட்டம் சரியில்லேன்னா தண்ணி நின்னுடும்." அப்பா, "கிரகப்பிரவேசம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். பால் காய்ச்சினோம், ஊரே வந்து சாப்பிட்டது. குளியலறைக்குக் கதவு வரவில்லை, அத்தை தன் புடவையைக் கட்டித் தொங்கவிட்டாள்.

அந்த அப்புறம் வரவே இல்லை. பணம் வேறு எதற்கோ போனது. அக்கா கல்யாணம், என் படிப்பு. ஒவ்வொரு ஐப்பசியிலும் நடு அறையில் அன்னக்கூடை வைப்போம். ராத்திரியில் அது "டொக், டொக்" என்று கேட்கும். நிறைகிற சத்தம் மாறுவதை வைத்தே அப்பா தூக்கத்தில் எழுந்து போய்க் கொட்டிவிட்டு வருவார். கடைசி வருஷம் அவரால் எழ முடியாதபோது, "அன்னைக்கே அந்த ஆளு சொன்னதைக் கேட்டிருக்கணும்டா" என்றார்.

அது எங்கள் வீடு, எங்கள் காசு, எங்கள் முட்டாள்தனம். நனைந்ததும் நாங்கள்தான். ஆனால் பேருந்து நிலையத்துக்கு எவருடைய முகூர்த்தம் முக்கியமாகிப் போகிறது? கல்வெட்டு மட்டும் எந்த ஊரிலும் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை. கிரானைட், பளபளப்பு, தங்க எழுத்து. ஒழுகுகிற கூரைக்குப் பக்கத்துச் சுவரில்தான் அதுவும் இருந்தது. ஒரு சொட்டு அதன்மேல் படவில்லை.

தாமதம் ஆனால் ஆகட்டும் ஐயா. இன்னும் ஆறு மாசம் பழைய இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். இத்தனை வருஷம் நின்றவனுக்கு ஆறு மாசம் பெரிதில்லை. காத்திருந்ததும் போய், காத்திருந்து கிடைத்ததும் ஒழுகினால், அதைச் சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையா? சென்னைக்குப் போனவன் பேசக் கூடாதா? பேசாமல் இருந்தால்தான் ஊர்க்காரனா? டேய், அந்த நாற்காலியில் உன் அம்மா உட்கார்ந்திருந்தால் அந்தப் பொம்மையைப் போட்டிருப்பாயா?

போட்டிருக்க மாட்டான். எனக்குத் தெரியும். அவன் அம்மா என் தட்டிலும் சோறு போட்டவர்.

நேற்று ராத்திரி அம்மா போன் செய்தாள். யாரோ பக்கத்து வீட்டுப் பெண் காட்டியிருக்கிறாள். பயந்துவிட்டாளோ, யாராவது மிரட்டினார்களோ என்று நினைத்தேன். "அந்தப் படத்தை எடுத்துடுப்பா. அன்னைக்குக் கட்டியிருந்தது பழைய புடவை, ஓரம் கிழிஞ்சிருக்கு" என்றாள். ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டுத் திரும்பப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.