தாமதமாக வந்த பதக்கங்கள்

சீனாவின் குண்டு எறிதல் வீராங்கனை கோங் லிஜியாவ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலமும் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றார் என அவரைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. அந்நாட்களில் அவர் முறையே ஐந்தாம், நான்காம் இடங்களைப் பெற்று வெறுங்கையோடு திரும்பியவர். முன்னால் நின்றவர்கள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிப் பதக்கம் இழந்த பின்னரே அவை அவருக்கு உரியவையாயின. ரியோவிலும் நான்காம் இடமே கிடைத்தது. இடையில் 2017, 2019 உலகச் சாம்பியன் பட்டங்கள் வந்தாலும், ஒலிம்பிக் தங்கம் மட்டும் எட்டாமலே இருந்தது. டோக்கியோ இறுதிப்போட்டியில், முன்னிலையில் இருந்தும் சற்றும் தளராமல், ஐந்தாம் வீச்சில் 20.53 மீட்டர், கடைசி வீச்சில் 20.58 மீட்டர் என அந்த நான்கு கிலோ குண்டை அவர் எறிந்தபோது, 32 வயதில் தம்முடைய சொந்தச் சாதனையையே அடுத்தடுத்து இருமுறை முறியடித்திருந்தார்.