'இஃப்' வாக்கியத்தில் 'வில்': பரவும் குறிப்பும் உண்மையும்

கடலூர், புதுச்சேரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், ஆங்கில இலக்கணம் பற்றி, "முதல் வகை நிபந்தனை வாக்கியத்தின் 'இஃப்' பகுதியில் 'வில்' வரவே வராது, முதன்மைப் பகுதியில் 'வில்' தவிர வேறெதுவும் வரக்கூடாது" என்ற குறிப்பு பரவுகிறது. முதல் வகை நிபந்தனை வாக்கியம் என்பது 'இது நடந்தால் அது நடக்கும்' என்று இனி நடக்கக்கூடியதைச் சொல்வது; அதில் 'இஃப்' பகுதி நிபந்தனையையும், முதன்மைப் பகுதி அதன் விளைவையும் சொல்லும்; 'வில்' எதிர்காலத்தைக் காட்டும் துணைவினை. பரவும் குறிப்பின் முதற்பாதி பெரும்பாலும் சரி; இரண்டாம் பாதி முற்றிலும் தவறு.

"இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, தி போட்ஸ் வில் நாட் கோ அவுட்" என்னும்போது, மழை நாளைக்குரியதாயினும் 'இஃப்' பகுதியின் வினை நிகழ்கால வடிவிலேயே நிற்கிறது. தமிழிலும் "நாளை மழை பெய்தால்" என்று எதிர்கால இடைநிலை இல்லாமல்தானே சொல்கிறோம்; ஆகவே இது நம் பிள்ளைகளை அச்சுறுத்த வேண்டிய விதியன்று. முதன்மைப் பகுதியிலோ கேன், மே, மஸ்ட், ஷுட் ஆகிய துணைவினைகளும் ஏவல் வினையும் தாராளமாக வரும்: "இஃப் யூ மிஸ் தி பஸ், டேக் தி ட்ரெயின் ஃப்ரம் திருப்பாதிரிப்புலியூர்."

'இஃப்' பகுதிக்கும் விலக்குகள் உண்டு. "இஃப் யூ வில் வெயிட் ஹியர், ஐ வில் கால் தி டாக்டர்" என்பதில் 'வில்' காலத்தைக் குறிக்கவில்லை. காத்திருக்க இசைவீர்களா என்று எதிரிலிருப்பவரைக் கேட்கும் பணிவைக் காட்டுகிறது. "இஃப் இட் வில் ஹெல்ப் யூ, ஐ வில் லெண்ட் யூ மை நோட்ஸ்" என்பதும் பிழையன்று. ஏனெனில், உதவி என்பது இங்கே குறிப்பேட்டைக் கொடுத்த பின்னரே கிடைக்கும் விளைவு.

பள்ளித் தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பும்போது, 'இஃப்' பகுதிக்கு நிகழ்கால வடிவை எழுதுவதே பாதுகாப்பானது. ஆனால் முதன்மைப் பகுதியில் பொருளுக்குப் பொருந்த 'கேன்' எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைப்பது நியாயமாகாது.