குடும்பத்துக்கு நாலு லட்சம் கடன் என்றால் யார் கடன், எதற்கு வாங்கிய கடன்?

பட்ஜெட் வந்த மறுநாளே "உங்கள் குடும்பத்தின் தலையில் இவ்வளவு கடன்" என்று சமூக ஊடகங்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டின்படி 31.3.2026 அன்று நிலுவைக் கடன் 9,29,959 கோடி ரூபாய். சுமார் இரண்டேகால் கோடி ரேஷன் அட்டைகளால் வகுத்தால் அட்டைக்கு நாலு லட்சத்துச் சொச்சம். வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் அந்த விடை எதையும் சொல்வதில்லை.

இந்தக் கணக்கை ஊரறியச் செய்தது 2021 ஆகஸ்டில் அப்போதைய திமுக அரசின் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கை. அதில் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய். அன்று அதைப் பரப்பியவர்களுக்குப் பின்னர் அது அபத்தமாகத் தெரிந்தது, எதிர்த்தரப்புக்கு வேதமாகிவிட்டது.

அரசின் கடனில் பெரும்பகுதி ரிசர்வ் வங்கி வழியாக ஏலத்தில் விற்கும் பத்திரங்கள். முதிரும்போது புதுப் பத்திரம் விற்றுப் பழையதை அடைப்பார்கள். வாங்குகிறவர்கள் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள். ஆக, உங்கள் எல்ஐசி பிரீமியத்தில் கொஞ்சம் கடன் கொடுத்தவர் பக்கமே நிற்கிறது. யாரும் வீட்டுக்கு வந்து நாலு லட்சம் கேட்கப்போவதில்லை.

அதனால் கவலையே இல்லை என்பதும் தவறு. "மாநில உற்பத்தியில் (ஓராண்டில் மாநிலத்தில் உருவாகும் பொருள், சேவைகளின் மொத்த மதிப்பில்) கடன் 26.07 சதவீதம்தான், வரம்புக்குள் இருக்கிறது" என்று அந்த பட்ஜெட்டைப் போட்ட தரப்பு சொன்னது. அந்த உற்பத்தி மொத்தமும் அரசின் கல்லாவுக்கு வருவதில்லையே! சொந்த வரி வருவாய் மதிப்பீடு 2,20,895 கோடி, அதாவது உற்பத்தியில் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல். பார்க்க வேண்டியது வட்டியை. மத்திய அரசு தருவதும் சேர்ந்த வருவாய் வரவு 3,31,569 கோடி, வட்டி சுமார் 70,750 கோடி. வரும் நூறு ரூபாயில் 21 ரூபாய், சம்பளம் கொடுக்கும் முன்பே போய்விடுகிறது.

இன்னும் முக்கியமானது, கடன் எதற்குப் போகிறது என்பது. அந்த ஆண்டின் நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி. புதிதாகத் திரட்ட வேண்டியது ஏறக்குறைய இதுதான். வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி என்று அன்றாடச் செலவில் விழும் துண்டு இது. வகுத்துப் பாருங்கள்: கடன் வாங்கும் நூறு ரூபாயில் 39 ரூபாய் பாலமாகவோ குடிநீர்க் குழாயாகவோ ஆவதில்லை. என் கணக்கில் அரசைக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். விவாதங்களில் அதிகம் காதில் விழாததும் இதுதான். (வருவாய்ச் செலவு எல்லாமே வீண் என்று இதைப் படிக்க வேண்டாம். ஆசிரியர் சம்பளமும் அரசு மருத்துவமனை மருந்தும் அதில்தான் வருகின்றன. சாலை போட உள்ளாட்சிக்குக் கொடுக்கும் மானியம்கூட மாநிலக் கணக்கில் வருவாய்ச் செலவுதான்.)

ஒப்பிடும்போது நடக்கும் தில்லுமுல்லு வேறு. ஓர் ஆண்டுக்கு மூன்று எண்கள் உண்டு: பட்ஜெட் மதிப்பீடு, அடுத்த பட்ஜெட்டில் வரும் திருத்த மதிப்பீடு, கடைசியாகத் தணிக்கையான கணக்கு. 2024-25 வருவாய்ப் பற்றாக்குறை முதலில் 49,279 கோடி, திருத்தத்தில் 46,467 கோடி. ஓர் ஆட்சியின் மதிப்பீட்டை இன்னோர் ஆட்சியின் இறுதிக் கணக்கோடு நிறுத்தினால் வேண்டிய முடிவை வரவழைக்கலாம். "பட்ஜெட்டில் அறிவித்தார்கள்" என்பதை "செலவழித்தார்கள்" என்று எழுதுவதும் இதே வகை.

திடீர் ஏற்றத்தைக் கண்டாலும் நிதானம் வேண்டும். 2016-17இல், கடனில் தத்தளித்த மின்பகிர்மான நிறுவனங்களை மீட்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தின் கீழ் மின்பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடியை மாநில அரசு தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது. அது அந்த ஆண்டு புதிதாகச் செலவழித்த பணம் இல்லை. பல ஆண்டுகளாக வேறு கணக்கில் கிடந்த சுமை, அவ்வளவுதான்.

இப்போதும் மின்துறைக் கடனும் அரசு நிறுவனங்கள் வாங்கிய கடனுக்கு அரசு கொடுத்த உத்தரவாதங்களும் அந்த 9.3 லட்சம் கோடிக்கு வெளியேதான் நிற்கின்றன. அரசை மடக்க நினைப்பவருக்கு ரேஷன் அட்டை வகுத்தலைவிட வலுவான ஆயுதம் அங்கே இருக்கிறது. தேடுவதும் சிரமமில்லை: பட்ஜெட் ஆவணங்களோடு வரும் இடைக்கால நிதித் திட்டத்தில் (Medium Term Fiscal Plan) நிலுவை உத்தரவாதங்களைப் பாருங்கள், பிறகு தலைமைக் கணக்குத் தணிக்கையரின் (சிஏஜி) மாநில நிதி அறிக்கையைத் திறந்து அதே தலைப்பில் என்ன சொல்லியிருக்கிறார் என்று பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.