பாண்ட் விஷயத்தில் நான் ஏன் சந்தோஷப்படவில்லை

ஜேம்ஸ் பாண்ட் ரசிகர்கள் 2025 பிப்ரவரியிலிருந்து இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். 1962-ல் 'டாக்டர் நோ'வில் ஆரம்பித்து 25 படங்களைத் தன் கைக்குள் வைத்திருந்த ப்ரோக்கோலி குடும்பம், படைப்பு சம்பந்தமான முடிவுகள் அத்தனையையும் அமேசானிடம் விட்டுக்கொடுத்த மாதம் அது. பாண்ட் படங்களில் பங்கு வைத்திருந்த எம்ஜிஎம் ஸ்டுடியோவை 2022-லேயே சுமார் 850 கோடி டாலர் கொடுத்து அமேசான் வாங்கிவிட்டது. ஆனாலும் அந்தக் குடும்பத்தின் தயாரிப்பாளர்களான பார்பரா ப்ரோக்கோலியும் மைக்கேல் வில்சனும் தலையசைக்காமல் பாண்ட் படம் எடுக்க முடியாது என்ற நிலைதான் அதுவரை இருந்தது.

"நல்லதுதான் நடந்திருக்கு" என்கிற கட்சியின் கோபம் எனக்குப் புரிகிறது. 2021-ல் 'நோ டைம் டு டை' வந்தது. அதன்பிறகு அடுத்த பாண்ட் யார் என்றுகூடச் சொல்லாமல் வருடக்கணக்கில் காக்க வைத்தார்கள். 1989-க்கும் 1995-க்கும் நடுவில் ஒரு படம்கூட வராததையும் இவர்கள் இழுக்கிறார்கள். அதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. எம்ஜிஎம் அப்போது கைமாறியதை ஒட்டி வந்த வழக்கால்தான் அந்த ஆறு வருடம் போனது.

குடும்பம் எடுத்ததெல்லாம் நல்ல படம் என்று நான் சொல்லவில்லை. 'ஆக்டோபஸி'யில் நம்ம விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையால் அடியாட்களை வெளுத்த காட்சி எனக்குப் பிடிக்கும், அதற்காக அந்தப் படத்தைத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். என் வாதம் 2002-க்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. 'டை அனதர் டே'யில் கண்ணுக்கே தெரியாத கார் ஓடியது. பலர் திட்டினார்கள், ஆனால் அதுவரை வந்த பாண்ட் படங்களிலேயே அதிகம் வசூலித்தது அதுதான். அந்த வசூலைக் கையில் வைத்துக்கொண்டு, பாண்டாகக் கூட்டம் சேர்க்கிற பியர்ஸ் பிராஸ்னனை அனுப்பிவிட்டு, மொத்தத்தையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். 2005-ல் புதிய பாண்டாக டேனியல் கிரெய்க் பெயரை அறிவித்ததும் தலைமுடி நிறத்தைச் சொல்லி எதிர்த்தவர்கள் யார்? ரசிகர்கள்தான். படத்தைப் புறக்கணிப்போம் என்று இணையதளமே தொடங்கினார்கள். பார்பரா அசையவில்லை.

அப்படி வந்ததுதான் 'கேசினோ ராயல்'. கொலையைப் பார்த்த அதிர்ச்சியில் கதாநாயகி வெஸ்பர் உடுத்திய உடையோடு ஷவருக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். பாண்ட் ஒரு வார்த்தை கேட்காமல் தானும் சட்டையோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நனைவான். பாண்டிடம் இப்படி ஒரு காட்சி வேண்டும் என்று எந்த ரசிகனும் கேட்டிருக்க மாட்டான், எந்த வசூல் கணக்கும் சொல்லியிருக்காது. வசூலையும் நம்மையும் ஒரே நேரத்தில் மீறுகிற துணிச்சல் அந்த வீட்டில் இருந்தது. ஒப்பந்தம் வெளியான அன்றே அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் எக்ஸ் தளத்தில் அடுத்த பாண்டாக யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று நம்மிடமே கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது அதனால்தான்.

பிறகு 2025 அக்டோபரில் அமேசானின் பிரைம் வீடியோவில் பாண்ட் படங்களின் முகப்புப் படங்களிலிருந்து துப்பாக்கியை அழித்துவிட்டார்கள். 'டாக்டர் நோ'வின் முகப்புப் படத்தில் ஷான் கானரி கை கட்டி நின்றார், கையில் துப்பாக்கி இல்லை. ரசிகர்கள் கொதித்ததும் அந்தப் படங்கள் மாற்றப்பட்டன. இரண்டு கட்சியும் ஒன்றாகக் கத்தியது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

பெரிய நிறுவனம் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு டிஸ்னியைப் பாருங்கள் என்கிறார்கள். பார்த்தேன். 2012-ல் ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தை வாங்கினார்கள். 2015-லிருந்து 2019 வரை வருடத்துக்கு ஒரு ஸ்டார் வார்ஸ் படம். 2018-ல் 'சோலோ' படுத்தது. 2019-க்குப் பிறகு பல வருடம் தியேட்டருக்குப் படமே இல்லை, தொடர்கள் மட்டும். 'ஆண்டோர்' அருமையான தொடர், மறுக்கவே மாட்டேன். ஆனால் அதைத் தேடி எடுக்க எத்தனை தொடர்களைத் தாண்ட வேண்டியிருந்தது!

அடுத்த பாண்ட் படத்தை டெனி வில்னவ் இயக்குகிறார் என்பது எனக்கு உண்மையான ஆறுதல். தயாரிப்பாளர்களில் டேவிட் ஹேமன் ஹாரி பாட்டர் படங்களைத் தயாரித்தவர், ஏமி பாஸ்கல் கிரெய்க் காலத்தில் பாண்ட் படங்களை வெளியிட்டு வந்த சோனியில் பொறுப்பில் இருந்தவர். ஆட்கள் சரி. அவர்களை அவர்கள் போக்கில் விட வேண்டும். பாண்டின் துணைப் பாத்திரங்களான மனிபென்னிக்கு ஒரு தொடர், க்யூவுக்கு ஒரு தொடர் என்று வில்னவ் படம் வருவதற்கு முன்பே அறிவிப்பு வந்தால் நான் எதிர்க்கட்சியிலேயே இருப்பேன். அப்படி எதுவும் வராமல் முதலில் படம் வந்தால், முதல் நாள் தியேட்டரில் இருப்பேன்.