லாரிக்காரர்களுக்கென்று ஒரு ரேடியோ இருந்தது

2023இல் ஃபோர்டு கம்பெனி புது வண்டிகளில் ஏஎம் (மத்திய அலை) ரேடியோவை எடுத்துவிடப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களிலேயே பின்வாங்கியது. எல்லா வண்டியிலும் ஏஎம் இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க காங்கிரஸில் மசோதாவும் வந்தது. புயல், வெள்ளம் என்றால் செல்போன் படுத்துவிடும், ஏஎம் நிற்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். சரியான காரணம்தான். ஆனால் எனக்கு ஏஎம் என்றால் நடுராத்திரி லாரி டிரைவர்களுக்காக நடந்த நிகழ்ச்சிகள். அவற்றை ஒழுங்காகக் காப்பாற்றியிருந்தால் இன்று இப்படிச் சட்டம் போட்டுக் காப்பாற்றும் நிலையே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளில் எனக்கு மேற்கு டெக்ஸஸில் மிட்லண்டில் வேலை. நண்பர்கள் எல்லாம் டாலஸில். வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பினால் இன்டர்ஸ்டேட் 20 நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம். ஊரைத் தாண்டியதும் எஃப்எம் எல்லாம் இரைச்சலாகிவிடும். ஏஎம் 820இல் ஃபோர்ட் வொர்த் ஊரின் டபிள்யூபிஏபி ஸ்டேஷன் மட்டும் கணீரென்று எடுக்கும். அந்த ஸ்டேஷனின் அடையாள ஒலியே மாட்டு மணிதான். நள்ளிரவுக்கு மேல் பில் மேக் பேசுவார். 1969இலிருந்து அதே ஸ்டேஷனில் லாரிக்காரர்களுக்காக ராத்திரி விழித்திருந்த மனிதர். கன்ட்ரி பாட்டு எழுதி கிராமி விருது வரை போனவர். ஆனால் மைக்கில் பேசும்போது அந்தப் பெருமையெல்லாம் தெரியாது.

அவர் வானிலை சொல்லும் விதத்தைச் சொல்ல வேண்டும். நமக்குப் பழக்கமான மாதிரி ஊர் ஊராக அல்ல, ரோடு ரோடாக. 40ஆம் நம்பர் ரோட்டில் அமரில்லோவுக்கு மேற்கே பாலங்களில் பனி உறைந்திருக்கிறது, 25இல் ரேட்டன் கணவாயில் காற்று அதிகம், காலி டிரெய்லர் இழுப்பவர்கள் பார்த்துப் போங்கள் என்கிற தினுசு. எட்டு மணி நேரம் கழித்து அந்த இடத்துக்கு வந்து சேரப் போகிறவனுக்குச் சொல்லும் செய்தி அது. ஒரு ஸ்டேஷன் தன் ஊரை விட்டு இத்தனை தூரம் யோசித்தது பெரிய விஷயம்.

யோசிக்க முடிந்ததற்குக் காரணம் வானம். பகலில் வளிமண்டலத்தின் மேலே உள்ள ஓர் அடுக்கு ஏஎம் அலையை உறிஞ்சிவிடும். சூரியன் போனதும் அது கரைந்துவிடும். அலை இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்கும். மத்திய அலையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அமெரிக்காவில் சில ஸ்டேஷன்களுக்கு 50,000 வாட் கொடுத்து, ராத்திரியில் மற்றவர்கள் குறுக்கே வராதபடி அலைவரிசையையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூடபிள்யூஎல்லில் சார்லி டக்ளஸ் 1971இல் லாரிக்காரர்களுக்கான ‘ரோட் கேங்’ நிகழ்ச்சியைத் தொடங்கினார். சின்சினாட்டியின் டபிள்யூஎல்டபிள்யூவில் 1984இலிருந்து 2004 வரை டேல் சாமர்ஸ். லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேச சிபி ரேடியோ வைத்திருந்தார்கள், ஆனால் அது சில மைல்தான் போகும். இந்த ஸ்டேஷன்கள் பாதி நாட்டுக்குக் கேட்டன.

அப்புறம் அந்த போன் அழைப்புகள். டிரக் ஸ்டாப் பொதுத் தொலைபேசியிலிருந்து டிரைவர்கள் பேசுவார்கள், பின்னால் இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும். வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டுக் கணவனுக்குப் பாட்டுக் கேட்பார். ஒருமுறை ஒரு டிரைவர் லெட்யூஸ் கீரை ஏற்றிக்கொண்டு வந்து, குடோன் வாசலில் இறக்க ஆள் இல்லாமல் பகல் முழுக்கக் காத்திருந்ததைச் சொன்னார். மைலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி, நிற்கும் நேரத்துக்குப் பைசா கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மளிகைக் கடையில் கீரை பச்சென்று இருப்பதற்கு யார் எத்தனை மணி நேரம் இழக்கிறார் என்று அந்த நாட்டுக்கு வந்து இறங்கிய ஒரு தமிழனுக்குச் சொன்னது ரேடியோதான், ஆபீஸ் நண்பர்கள் இல்லை.

நான் இதை எழுதுவதே இந்த இடத்துக்காகத்தான். அந்த நிகழ்ச்சி எனக்கானதல்ல. நான் லாரி ஓட்டுபவன் இல்லை. ஆனால் கதவு திறந்திருந்தது. தூக்கம் வராத நர்ஸ், ராத்திரி வாட்ச்மேன், என்னைப் போல ஊர் திரும்புபவன், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். ஒரு தொழில்காரர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசுவதை மற்றவர்கள் காசில்லாமல் கேட்க முடிந்தது.

2001இல் எக்ஸ்எம் சாட்டிலைட் ரேடியோ வந்தது. பில் மேக்கும் அங்கே போனார், ரோட் கேங்கில் வளர்ந்த டேவ் நீமோவும் போனார். டிரைவர்களுக்கு அது நல்லதுதான், மறுக்க மாட்டேன்: கரை முதல் கரை வரை ஒரே தெளிவு, இடி மின்னலுக்குக் கரகரப்பு இல்லை. ஆனால் அது சந்தா கட்டியவர்களுக்கு. இப்போது பேச்செல்லாம் பாட்காஸ்ட், வாட்ஸ்அப் குழு என்று இன்னும் உள்ளே போய்விட்டது. டிரைவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், பக்கத்து லேனில் காரில் போகிறவனுக்குத்தான் ஒன்றும் கேட்பதில்லை. லாரி என்றால் வழியை மறைக்கும் வண்டி என்று மட்டும் நினைக்கும் ஒரு தலைமுறை வந்துவிட்டது. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஸ்டேஷன் முதலாளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. எங்கோ நெடுஞ்சாலையில் கேட்பவன் உள்ளூர் ரேட்டிங் கணக்கில் வர மாட்டான். கணக்கில் வராதவனுக்காக ஏன் ராத்திரி ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும் என்று, பல இடங்களில் எங்கிருந்தோ வரும் பொதுப் பேச்சு நிகழ்ச்சியை அப்படியே ஓட விட்டார்கள். அதே 50,000 வாட் இன்னும் வானத்துக்குப் போகிறது.

மசோதா நிறைவேறட்டும், வண்டியில் பட்டன் இருக்கட்டும். கூடவே அந்தப் பெரிய ஸ்டேஷன்கள் நள்ளிரவு முதல் ஐந்து வரையாவது உயிரோடு ஓர் ஆளை மைக் முன்னால் உட்கார வைக்க வேண்டும், ரோடு நம்பர் சொல்லி வானிலை படிக்கத் தெரிந்த ஓர் ஆளை. லைசென்ஸ் கொடுக்கும் அரசாங்கம் அதையும் கேட்டால் தப்பில்லை.